பாட்டுக்கு நடுவே ஒரு பனியன் பெட்டி

பாடிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தி மரியாதை செய்கிற பழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ தெரியாது. அவன் மட்டும் என் கையில் கிடைத்தால், அவன் சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு கவளத்துக்கும் கையைப் பிடித்து நிறுத்தி மாலை போடுவேன். தூங்கும்போது எழுப்பிச் சால்வை போர்த்துவேன். அப்போதாவது அவனுக்கு உறைக்கிறதா பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் இது நடக்காத மேடை கிடையாது. ஒருவர் உருகிப் பாடிக்கொண்டிருப்பார். ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை வேட்டி மேடை ஏறும். அறிவிப்பாளர் மைக்கைப் பிடுங்கி, "இந்தப் பாடலைப் பாராட்டி" என்று தொடங்கி, வந்தவரின் பேர், அப்பா பேர், தொழில், கடை இருக்கும் வீதி வரைக்கும் சொல்லி முடிப்பார். பாடியவர் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேட்டி இறங்கிப் போனதும் பாட்டை மறுபடி முதல் வரியிலிருந்து எடுக்க வேண்டும். விட்ட இடத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மரியாதை செய்தவருக்கு அது குறைச்சலாம். மற்ற ஊர்களில் துண்டோ மாலையோ தருவார்கள். திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் எங்கள் ஊர் இருந்தது. தெருவுக்கு ஒரு பனியன் கம்பெனி. அதனால் எங்கள் ஊரில் பனியன் பெட்டி தருவார்கள். அட்டைப்பெட்டியின் மேல் கம்பெனி மார்க் பெரிதாக அச்சடித்திருக்கும். வாங்கியவர் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நாலு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். ஓசி விளம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கௌரவம் என்பார்கள்.

என் சித்தியையும் அப்படித்தான் கௌரவப்படுத்தினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. வெள்ளகோவிலிலிருந்து வேலைக்காக வந்து எங்களோடு இருந்தாள். அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனியிலேயே அவளுக்கு மடிப்பு மேசையில் வேலை. தைத்து வருகிற பனியனை உதறி, நீவி, மார்க் மேலே தெரிகிற மாதிரி மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். காலையில் சங்கு ஊதினால் போகிறவள் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். நாளெல்லாம் ஒரே உதறல், ஒரே நீவல். அந்த மேசையில் அவள் பாடுவாள். ஒரு வரிக்கு ஒரு பனியன். சூப்பர்வைசர் அதைத் தடுக்கவில்லை. ரசிகர் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பாடினால் மேசையிலிருந்த அத்தனை பெண்களின் கையும் வேகமாக ஓடியது, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் டீக்கடை ரேடியோக்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. பல்லவியை யார் வேண்டுமானாலும் பாடலாம். நானே பாடுவேன். சரணத்தில்தான் விஷயம் இருந்தது. அதில் ஓரிடத்தில் குரல் படிப்படியாக ஏறும். உச்சியில் போய் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்கும். அப்புறம் அவசரமே இல்லாமல் இறங்கி வரும். எங்கள் வீதியில் அதை முயன்று பார்த்தவர்கள் எல்லோரும் பாதி ஏற்றத்திலேயே இருமினார்கள். சித்தி இருமவில்லை. மாவாட்டிக்கொண்டே ஏறுவாள், ஆட்டுக்கல் குழவி ஒரு சுற்றுகூடத் தப்பாது. அவள் உச்சியில் நிற்கிற அந்த நேரம் நானும் எங்கேயோ மேலே போய் நிற்பேன். ராட்டினம் மேலே போய் நிற்கும்போது இருக்குமே, அது மாதிரி.

சித்திரை முடிகிற சமயத்தில் சந்தைப்பேட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினம், மரணக்கிணறு, ஊத்துக்குளி வெண்ணெய்க் கடை, வரிசையாகப் பனியன் ஸ்டால்கள். இவற்றோடு கோவையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவும் வந்திறங்கியது. வந்த இரண்டாம் நாளே அவர்களுடைய பாடகி தொண்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். குழுவை நடத்திய மாஸ்டர், அக்கார்டியன் வாசிப்பவர், பொருட்காட்சிக் கமிட்டியில் இருந்த எங்கள் கம்பெனி முதலாளியிடம் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

முதலாளி சிரித்தாராம். "பாடறதுக்கு ஆளில்லீன்னா ஏனுங்க மாஸ்டரு மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? எங்க மடிப்பு மேசைக்கு வாங்க. மடிக்கவும் மடிக்கும், பாடவும் பாடும், அப்படியொரு புள்ள இருக்குது."

மாஸ்டர் வந்து கேட்டார். சித்தி கையை நிறுத்தாமல் பாடினாள். அவர் சொன்னதை அப்பாவே வீட்டில் வந்து சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையில் ஒரு பாட்டு, முழுப் பாட்டு, கூட்டத்துக்கு முன்னால் பயப்படாமல் பாடிவிட்டால் போதும், இந்தக் கோடை முழுக்கக் குழுவோடு ஈரோடு, கரூர் என்று அழைத்துப் போகிறார், நன்றாக அமைந்தால் அதற்கப்புறமும்தான்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. முதலாளியே சொன்ன பிறகு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மாதான் ஒரே பிடியாக நின்றாள். "நானுங் கூடப் போறனுங்க. ஊரெல்லாம் பாக்கத்தான் பொருட்காட்சி, எந்தங்கச்சி பாடக்கூடாதா?" என்றாள்.

சித்தி அன்று என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அங்க போயிட்டா பாடறதேதான் வேலை, தெரியுமா கண்ணு? கையில ஒரு துணி இருக்காது. சும்மா நின்னு பாடலாம்!" என்றாள். சும்மா நின்று பாடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். அவள் கையை இரண்டு பக்கமும் வெறுமனே தொங்கவிட்டுக் காட்டினாள். தொங்கவிட்ட கை அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு. மூன்று மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் பாய் போட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா எங்களுக்குப் பக்கத்தில், ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதுவரைக்கும் வாத்தியம் என்பது எனக்கு ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்தும் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்தும் வருகிற ஒன்று. அதை மனிதர்கள் எதிரே உட்கார்ந்து வாசிப்பதை அன்றுதான் பார்த்தேன். அக்கார்டியன் உண்மையிலேயே மூச்சு விட்டது. அதன் மடிப்புகள் விரிவதும் சுருங்குவதும் நெஞ்சு மாதிரியே இருந்தது. பாங்கோஸ் வாசித்தவர் தடியானவர், வெற்றிலை மென்றபடி விரல் நுனியால் தட்டினார். ஒவ்வொரு தட்டும் நான் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் வந்து விழுந்தது. வயலின்காரர் ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஏம்புள்ள, உன்ற முதுகப் பாக்கவா நாங்க பல்லடத்திலிருந்து பஸ்ஸேறி வந்தோம்?" என்று பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பொழுது இறங்குகிற நேரத்துக்குச் சித்தி மேடைக்கு வந்தாள். மஞ்சள் சேலை. அம்மாவுடையது. மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் கைகளைத் தொங்கவிட்டாள். மாஸ்டர் தலையை அசைத்தார். அவள் பாடத் தொடங்கினாள்.

பல்லவி முடிந்தது. கைதட்டல் எழுந்தது. சரணத்துக்கு முன்னால் வருகிற வாத்தியப் பகுதியைக் குழு எடுத்தது. நான் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்துக்குத் தயாரானேன். அப்போது அறிவிப்பாளர் மைக்குக்கு வந்தார்.

கொக்கு மார்க் பனியன் கம்பெனி உரிமையாளர் மேடையில் நின்றார். பேர் வாசித்தார்கள். அவர் அப்பா பேரும் வாசித்தார்கள். சித்தி கும்பிட்டுப் பெட்டியை வாங்கி நாலு பக்கமும் காட்டினாள். ஆண்கள் போடுகிற பனியன்! அதை அவள் என்ன செய்வாள் என்று ஒருவராவது யோசித்திருப்பார்களா? கொக்கு கையசைத்துவிட்டு இறங்கியது. பாட்டு முதல் வரிக்குப் போனது.

இரண்டாவது முறை பல்லவி முடிந்தது. கைதட்டல். வாத்தியம். மறுபடியும் அறிவிப்பாளர். இந்தத் தடவை பம்பர மார்க். அவர் ஒரு பெட்டிக்கு இரண்டாகக் கொண்டுவந்திருந்தார், கொக்கை விடக் குறைச்சலாக இருக்கக் கூடாதல்லவா. இப்போது யோசித்தால் அந்தக் கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பல்லவி முடிகிற இடத்தில்தான் ஜனங்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலின் மேல் தன் பேர் போய் விழ வேண்டும். அதற்கு முன்னால் போனால் சத்தம் இருக்காது. சரணத்தில் போனால் எல்லோரும் பாட்டுக்குள் இருப்பார்கள், பேர் காதில் ஏறாது. ஆக, அவர்களுக்கும் பாட்டு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதன் வாசலிலேயே வந்து நின்றுகொண்டார்கள்.

"சரணம் பாட விடுங்க!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கை வியர்த்திருந்தது.

மூன்றாவது முறை சித்தி முதல் வரியை எடுத்தபோது, குரலில் ஏதோ மாறியிருந்தது. அதிகச் சத்தம் இல்லை. ஆனால் கதவைத் தாழ் போடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் அழுத்தமாக விழுந்தது. பல்லவி முடிந்தது. கைதட்டல். வாத்தியம். எங்கள் முதலாளி மேடையேறினார்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கொக்கும் பம்பரமும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அந்தப் பெட்டியைச் சனிக்கிழமை மடிப்பு மேசையில் அடுக்கியது சித்தியேதான் என்று பிற்பாடு தெரிந்தது. யாருக்கு என்று தெரியாமலே அடுக்கியிருக்கிறாள். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிச் சித்திக்கு முன்னால் நீட்டினார். அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். "எங்கள் ஊரின் பெருமை..." என்றார்.

சித்தி சரணத்தை எடுத்துவிட்டாள்.

அறிவிப்பாளர் திகைத்துப்போய் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வாசிப்பை நிறுத்தினார். வயலின் நின்றது. பாங்கோஸ்காரர் மட்டும் இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டு, மாஸ்டர் முறைத்ததும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். சித்தி நிறுத்தவில்லை. அறிவிப்பாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போதும் நிறுத்தவில்லை. வாத்தியம் இல்லாமல், மைக் இல்லாமல், வெறும் தொண்டையில் பாடினாள். முதலாளி பெட்டியை நீட்டியபடி நின்றார். கீழே வைக்கவும் முடியாது, கையை இறக்கவும் முடியாது, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கனமான பெட்டி வேறு.

மைதானம் அடங்கியது. ராட்டினத்தின் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. குரல் ஏறியது. ஒரு படி, இன்னொரு படி. உச்சியில் போய் நின்றது. கைகள் இரண்டு பக்கமும் சும்மா தொங்கின.  பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, முன்னால் இருந்த எங்களுக்குக் கேட்டது, அது போதும். அப்புறம் அந்தக் குரல், யாரும் காத்திருக்கவில்லை என்பது போல, மெதுவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் இறங்கி வந்தது. பல்லவியை ஒரு முறை தொட்டு முடித்தாள்.

பிறகு முதலாளியைக் கும்பிட்டு, "குடுங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். நாலு பக்கமும் காட்டினாள். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் புறப்பட்டது. மடிப்பு மேசைப் பெண்கள்தான். ஆனால் முதலாளி திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். வெறுமனே பார்த்தார், அவ்வளவுதான். மழை நின்ற மாதிரி கைதட்டல் நின்றுவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரைக்கூட விடுங்கள். அந்தக் கைகள்! ஒரு வரிக்கு ஒரு பனியன் என்று அவள் பாட்டில் ஓடிய கைகள்! நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கயிற்றைத் தாண்டி வந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வலித்தது.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"தங்கமான தொண்டைம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்தணும். நாளைக்கு எந்த ஊர்ல எங்களக் கூப்பிடுவாங்க? பாட்டு எங்கயும் ஓடியா போயிரும்?"

"ஓடித்தானுங்களே போச்சு. ரெண்டு தடவ ஓடுச்சு, நீங்களும் வாசிச்சுட்டுத்தான இருந்தீங்க" என்றாள் சித்தி.

அவர் பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் பேச வாயில் இடமில்லை என்பது போல.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எனக்கு ஒரே ஆத்திரம். இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, மூன்று கம்பெனிப் பெட்டிகளை அம்மாவும் சித்தியும் தலையில் சுமந்து வருகிறார்கள், ஒரு வார்த்தை 'நல்லாப் பாடினே' என்று சொல்ல இந்தக் குடும்பத்தில் நாதியில்லை. வாசற்படி ஏறினதும் அப்பா வெடித்தார்.

"ஏனம்மிணி, ஒரு நிமிசம் நிறுத்தியிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்?"

"பாட்டு கொறஞ்சிருக்குமுங்க மாமா."

"அவரு நிக்கறாரு. கையில பெட்டிய வச்சுட்டு நிக்கறாரு. அவரு கம்பெனியில அவரு முன்னால நாம நின்னிருக்கறோமா, நமக்கு முன்னால அவரு நின்னிருக்கறாரா?"

"அதுக்குத்தானுங்க நானும் சீக்கிரமே முடிச்சேன்" என்றாள் சித்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாருக்கும் வரவில்லை.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். சித்தியையும் வரச் சொன்னார். அம்மாவும் கெஞ்சினாள். "வந்து ஒரு வார்த்தை தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லீரு" என்றாள். தெரிந்துதான் செய்தேன், எப்படித் தெரியாமல் என்று சொல்ல என்றாள் சித்தி. அப்பா தனியாகப் போனார். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார். எலுமிச்சம்பழம் கையிலேயே இருந்தது. வெற்றிலை பாக்கும் இருந்தது. வாசலிலேயே நிற்க வைத்தார்களா, வாங்க மாட்டேன் என்றார்களா, அவர் சொல்லவில்லை. அம்மா அந்தப் பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டு எனக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எனக்கு சர்பத் கிடைத்ததில், அப்பா போய் வந்தது நல்லதாகவே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியது. நான் கண்விழித்தபோது சித்தி அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சேலை கொடியிலேயே கிடந்தது.

"இன்னைக்கு லீவா சித்தி?"

"ஆமா கண்ணு. லீவுதான்."

"ஒரு நாளா?"

"நெறைய நாள்" என்றாள் அவள். முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடமும் லீவு, சித்திக்கும் லீவு! நாளெல்லாம் சரணம் கேட்கலாம். முந்தின நாள் முதலாளி மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் கரைந்துவிட்டது. அவர் எவ்வளவு நல்லவர், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம். நான் வீதிக்கு ஓடினேன். மடிப்பு மேசைப் பெண்கள் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியோடு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "எங்க சித்தி நல்லாப் பாடுனதுக்கு முதலாளி லீவு குடுத்திருக்காரு!" என்று கூவினேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சித்தியின் சாப்பாட்டையும் சேர்த்து மாட்டுகிற கைப்பிடியில் அன்றைக்கு அவருடைய தூக்குப்போசி மட்டும் தொங்கியது. நான் சைக்கிளின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்:

"நீங்களும் மேடையேறிப் பாடியிருந்தா உங்களுக்கும் லீவு குடுத்திருப்பாங்கப்பா."

அப்பா என்னை அடிக்கவில்லை. துணியை மடித்துச் சீட்டுக்கடியில் செருகினார். அடுப்படிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சங்கு இரண்டாம் தடவை ஊதியது. அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டு போனார். நான் சித்தியைப் பாடச் சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன்.